ஒரு யூனிட்டை ஆளப் பழகு!

“என்னால் என்ன ஆகப்போகிறது?” என்ற கேள்வியை இன்றோடு தலைமுழுகு!

அரசுப் பள்ளியில் படிக்கும் தம்பியே, தங்கையே! கையில் காசில்லை, சொல்லுக்குச் செல்வாக்கில்லை, வயதும் போதவில்லை என்று உனக்கு நீயே வேலி போட்டுக்கொண்டு நிற்கிறாய். நிமிர்ந்து உன் வகுப்பறைச் சுவரைப் பார். கதவை ஒட்டி ஒரு ஸ்விட்ச் போர்டு இருக்கிறது. கேரளத்தின் இடுக்கி அணையில் தேங்கிய மழை மலையின் வயிற்றுக்குள் இறங்குகிறது. மூலமற்றத்தில் பூமிக்கடியில் இருக்கும் மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. அங்கே பிறந்த மின்சாரம் காடும் மலையும் ஊரும் தாண்டிக் கம்பிவழி ஓடிவந்து, கடைசியில் அந்த ஸ்விட்சில் வந்து நிற்கிறது. அதற்குமேல் போவதா, நிற்பதா என்று தீர்மானிப்பது மின்வாரியத் தலைவரும் இல்லை, அமைச்சரும் இல்லை. உன் விரல்!

இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு “எனக்கு அதிகாரம் இல்லை” என்கிறாயே, நியாயமா?

அளக்கத் தெரிந்தவரே ஆளத் தெரிந்தவர். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இது ஒன்றைத்தான். ஒரு பள்ளியின் மின்சாரத்தை அளந்து, அறிந்து, அடக்கி ஆளப் பழகிய பிள்ளை, நாளைக்கு ஓர் ஊரையும் ஆளும். ஒரு நிறுவனத்தையும் ஆளும். தன் வாழ்க்கையையும் ஆளும். நம்பிக்கை இல்லையா? வா, திருவனந்தபுரம் வரை போய்ப் பார்ப்போம்.

திருவனந்தபுரம் சொல்லும் சேதி

திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்தது 1929இல். அன்றைக்கு அது அரண்மனைக்கும் அலுவலகங்களுக்கும் உரிய அதிசயம். 2017 மே மாதம் கேரளம் முழுமையாக மின்இணைப்புப் பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. 2018இல் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் ஹைடெக் வகுப்பறைகள் வந்தன. லேப்டாப்பும் புரொஜெக்டரும் வைத்த வகுப்பறைகள் மாநிலம் முழுவதும் 45,000. கூலி வேலைக்குப் போகும் தாயின் மகளும் திரையில் அண்டவெளியைப் பார்த்துப் பாடம் படிக்கிறாள். இது பெரிய வெற்றி. இந்த வெற்றியைத் தலைநிமிர்ந்து கொண்டாடு!

ஆனால் கொண்டாட்டத்தோடு கணக்கையும் கையில் எடு. திரை எரிய மின்சாரம் வேண்டும். ஃபேன் சுற்ற மின்சாரம் வேண்டும். கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதியை வெளியிலிருந்து விலைகொடுத்து வாங்குகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் வெயில் தகித்தபோது, மாநிலத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டி வரலாறு காணாத அளவுக்கு ஏறியது. இரவில் டிரான்ஸ்ஃபார்மர்கள் பாரம் தாங்காமல் திணறின. மாலை நேரத்தில் சிக்கனமாக இருங்கள் என்று மின்வாரியம் மக்களைக் கேட்டுக்கொண்டது.

இந்த நெருக்கடிக்கு முன்பே பள்ளிப் பிள்ளைகளின் கதவைத் தட்டிய நிறுவனம் ஒன்று திருவனந்தபுரத்தில் இருக்கிறது. ஸ்ரீகாரியத்தில் உள்ள எனர்ஜி மேனேஜ்மென்ட் சென்டர். 1996இல் கேரள அரசு தொடங்கியது. 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தை மாநிலத்தில் நடைமுறைப்படுத்தும் பொறுப்பும் அதனிடம்தான். பொதுக்கல்வித் துறையோடு கைகோத்து அது பள்ளிகளுக்குள் கொண்டுவந்த திட்டம்தான் ஸ்மார்ட் எனர்ஜி புரோகிராம். பள்ளியில் பிள்ளைகள் சேர்ந்து எனர்ஜி கிளப் அமைக்க வேண்டும். ஓர் ஆசிரியர் வழிகாட்டுவார். மின்சாரம் எங்கே போகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். படித்ததையும் பார்த்ததையும் போட்டிகளில் எடுத்துவைக்க ஊர்ஜோத்சவம் என்ற விழாவும் உண்டு.

கவனித்தாயா? பெரியவர்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு, பிள்ளைகளிடம் துண்டுப்பிரசுரம் கொடுத்து அந்த மையம் கைகழுவவில்லை. பிள்ளைகளையே வேலையில் இறக்கியது. ஏனென்றால் பள்ளிப் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டால் அன்றைக்கு மாலையே அது வீட்டுக்குப் போய்விடும். அப்பா கேட்பார், அம்மா கேட்பார், பக்கத்து வீடு கேட்கும். நாடு முழுவதற்கும் சேதி கொண்டுபோக உன்னைவிட வேகமான ஆள் வேறு யார்?

அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்!

இப்போது வேலைக்கு வருவோம். வெறும் வீரப்பேச்சால் ஒரு யூனிட்கூட மிச்சமாகாது.

முதல் பாடத்தை வீட்டிலிருந்து தொடங்கு. உன் வீட்டு மின்மீட்டர் முன்னால் போய் நில். அதன் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். இத்தனை நாளும் அதைப் பார்த்திருப்பாய், படித்திருக்க மாட்டாய். அதன் அருகிலேயே ஓர் எண் அச்சிட்டிருக்கும். பல வீட்டு மீட்டர்களில் அது 3200. அந்த விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் செலவாகிவிட்டது என்று பொருள். உன் மீட்டரில் எண் வேறாக இருந்தால் அந்த எண்ணையே வைத்துக்கொள்.

கையில் ஒரு கடிகாரத்தை எடு. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணு. அதை 60ஆல் பெருக்கி 3200ஆல் வகுத்துப் பார். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்பது கிடைத்துவிடும். நிமிடத்துக்கு 28 முறை மின்னினால் சுமார் அரை யூனிட். இப்போது ஒரு ஃபேனை அணைத்துவிட்டு மறுபடி எண்ணு. எண்ணிக்கை குறையும். எந்தப் பொருள் எவ்வளவு தின்கிறது என்பதை அது உனக்குத் தனித்தனியாகச் சொல்லிவிடும்.

கடைசியாக வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்து பார். இன்னும் மின்னுகிறதா? அப்படியானால் எங்கோ ஒன்று கள்ளத்தனமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது. ரிமோட்டில் மட்டும் அணைத்த டி.வி.யாக இருக்கலாம். பிளக்கிலேயே கிடக்கும் சார்ஜராக இருக்கலாம். போய்ப் பிடி!

இதையே பள்ளியில், ஆசிரியர் துணையோடு செய். பள்ளிக்கூடத்துப் பெரிய மீட்டரில் எண் வேறாக இருக்கும், கணக்கு ஒன்றுதான். மீட்டரைத் தொடாதே, பெட்டியைத் திறக்காதே, வயரில் கை வைக்காதே. கண்ணும் கடிகாரமும் நோட்டும் போதும். காலையில் பள்ளி தொடங்கும்போது ஒரு ரீடிங், மாலையில் மணி அடிக்கும்போது ஒரு ரீடிங். மாலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில், பள்ளியே பூட்டிக் கிடக்கும் நேரத்தில், எத்தனை யூனிட் ஓடியது என்று எழுதிப் பார். ஆளில்லாத கட்டடம் இரவெல்லாம் மின்சாரம் குடித்திருப்பதை உன் நோட்டு காட்டிக்கொடுக்கும்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் முன்னால் போய் நில். “கரண்ட் வீணாகிறது சார்” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். “நேற்று மாலை ஐந்திலிருந்து இன்று காலை ஒன்பது வரை இத்தனை யூனிட் ஓடியிருக்கிறது சார், காரணம் கம்ப்யூட்டர் லேபில் அணைக்காத மெஷின்கள்” என்று சொல்லிப் பார். உன் வயதை யாரும் பார்க்க மாட்டார்கள். உன் கணக்கைத்தான் பார்ப்பார்கள். ஆதாரத்தோடு பேசுகிறவருக்கு எந்தச் சபையிலும் நாற்காலி உண்டு!

கணக்குப் போடு, கண் திறக்கும்

ஒரு சாதாரண வகுப்பறையை எடுத்துக்கொள். பழைய டியூப் லைட் நான்கு. குழல் 40 வாட் என்றாலும் பழைய சோக்கையும் சேர்த்தால் ஒன்றுக்கு 55 வாட் ஆகும். பழைய ஃபேன் நான்கு, ஒன்றுக்கு 75 வாட். மொத்தம் 520 வாட். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். யாரும் அணைக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அரை யூனிட்டுக்கு மேல் காற்றோடு போயிற்று.

அரை யூனிட்தானே என்று உதட்டைப் பிதுக்காதே. முப்பது வகுப்பறை உள்ள பள்ளியில் அது ஒரு நாளைக்கு 15.6 யூனிட். ஆண்டுக்கு 200 வேலைநாள் என்றால் 3,120 யூனிட்! காலி பெஞ்சுக்கு வெளிச்சம் காட்டவும் ஆளில்லாத அறைக்கு விசிறி வீசவும் மட்டும் செலவான மின்சாரம் இது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் அந்த ஒரு மணி நேர அலட்சியம் ஆண்டுக்கு 2 டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வானத்தில் ஏற்றியிருக்கிறது. இதைத் தடுக்க எவ்வளவு செலவாகும்? ஒரு பைசாகூட ஆகாது. கடைசியாக வெளியேறுகிறவர் ஸ்விட்சைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த கட்டத்துக்கு வா. 55 வாட் எடுக்கும் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. டியூப். 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட்டில் சுற்றும் பி.எல்.டி.சி. ஃபேன். 520 வாட் அறை 200 வாட் அறையாகிவிடும். வெளிச்சமும் குறையாது, காற்றும் குறையாது. நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தாலும், அதே முப்பது அறையில் ஆண்டுக்கு 11,520 யூனிட் மிச்சம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றப் பணமில்லையா? எது கெட்டுப்போகிறதோ அதை மட்டும் புதியதாக மாற்று. பழுதானதற்குப் பழையதையே திரும்ப வாங்குவதை மட்டும் நிறுத்து. சில ஆண்டுகளில் பள்ளியே மாறிவிடும்.

காசே இல்லாமல் செய்யக்கூடியவை இன்னும் எத்தனை! தூசி படிந்த டியூபைத் துடை. ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை நகர்த்து. சுவருக்கு வெள்ளையடிக்கும்போது அழுத்தமான நிறம் வேண்டாம், வெளிர் நிறம் கேள். மாடி டேங்க் நிரம்பி வழிந்தால் வழிவது தண்ணீர் மட்டுமா? ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால் 746 வாட்டும் சேர்ந்து வழிகிறது. டேங்க் நிரம்பியதும் தானே மோட்டாரை நிறுத்தும் மிதவை ஸ்விட்ச் ஒன்று போதும். சுவரில் பெட்டி பெட்டியாக இருக்கும் பழைய ஃபேன் ரெகுலேட்டர், வேகத்தைக் குறைத்து வைத்தாலும் மிச்சத்தைச் சூடாக்கி வீணடிக்கும். அதன்மேல் கை வைத்துப் பார்த்தாலே தெரியும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு மாறச் சொல்.

ஒன்றை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள். இருட்டில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்வது சேமிப்பே ஆகாது. வியர்வையில் நனைந்து தூங்கி வழிவதும் சேமிப்பு ஆகாது. படிக்கிற பிள்ளைக்கு வெளிச்சமும் காற்றும் உரிமை. ஆள் இருக்கும் இடத்தில் தாராளமாக எரியட்டும். ஆள் இல்லாத இடத்தில் ஒரு வாட்கூட எரியக் கூடாது. இதுதான் கொள்கை!

வெளிச்சத்தை வாசலில் நிறுத்தாதே

அதே ஸ்ரீகாரியத்தில் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. அங்கே லயோலா வளாகத்துத் தேவாலயத்தைக் கட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917இல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தின் நாலாஞ்சிறையில் வீடு கட்டிக்கொண்டு, 2007இல் அந்த ஊரிலேயே மறைந்தவர். இளம் வயதில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் அவர் மனதில் வேரோடியது. வாழ்நாள் முழுவதும் அதையே செய்துகாட்டினார்.

திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போய்ப் பார். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டு எழுப்பிய சுவர்கள். ஜன்னலும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். அந்த இடைவெளிகள் வழியே காற்று வரும்; கண் கூசாத வெளிச்சம் வரும். செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் ராட் டிராப் பாண்ட் முறையை அவர் பரப்பினார். செங்கல்லில் கால் பங்கு மிச்சம். நடுவில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடாது. ஃபேன் தேடும் நேரமும் குறையும், லைட் தேடும் நேரமும் குறையும்.

குறைந்த செலவு என்றால் மட்டமான வேலை என்று நினைத்தவர்கள் வாயடைத்து நின்றார்கள். 1990இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பணத்தைக் கொட்டினால் யாரும் கட்டிவிடலாம். பணம் இல்லாத இடத்தில் மூளையைக் கொட்டிக் கட்டுகிறவரே பெரியவர்.

உன் பள்ளி பழைய கட்டடம் என்று குறைபடாதே. உயர்ந்த கூரையும் அகன்ற வராந்தாவும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய பள்ளிக்கூடங்கள், மின்சாரத்தை நம்பாத காலத்தில் காற்றையும் வெளிச்சத்தையும் நம்பிக் கட்டப்பட்டவை. அந்த ஜன்னலை ஆணியடித்து மூடிவிட்டுப் பட்டப்பகலில் டியூப் போடுகிறோம். நாளைக்கே அதைத் திற! கொக்கி துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விடு. ஜன்னலோரம் உட்காருகிறவர் காலையில் திறக்க வேண்டும், மாலையில் சாத்த வேண்டும் என்று முறை வை.

அடுப்படியிலும் அறிவு எரியட்டும்

ஆற்றல் என்றால் மின்சாரம் மட்டும்தானா? மதிய உணவுக் கூடத்துக்கு வா. கேரளத்து வீடுகளில் சூடாறாப்பெட்டி என்று ஒன்று உண்டு. 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பெட்டியின் உட்புறம் முழுக்கச் சூடு வெளியேறாதபடி தெர்மோகோல். அரிசியைப் போட்டு நன்றாகக் கொதி வந்ததும், மூடியோடு பானையைத் தூக்கி அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அடுப்பை அணைத்துவிடுவார்கள். உள்ளே அடைபட்ட சூட்டிலேயே மீதி வேக்காடு நடந்து முடியும். வேக நேரமெடுக்கும் சிவப்பு மட்டை அரிசிகூட அதில் பதமாக வெந்துவிடும். அதே பரிஷத் புகை குறைந்த, விறகு குறைவாகத் தின்னும் அடுப்பையும் வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. பரிஷத் அடுப்பு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இதில் வெளிநாட்டு இயந்திரம் ஏதாவது இருக்கிறதா? கோடிக்கணக்கில் முதலீடு இருக்கிறதா? சூடு தானாகவே குளிர்ந்த பக்கம் ஓடிவிடும், வழியை அடைத்தால்தான் உள்ளே தங்கும் என்ற ஒரே ஓர் இயற்பியல் விதியைப் புரிந்துகொண்டார்கள். அவ்வளவுதான்! உன் பாடப்புத்தகத்தில் அந்த விதி இருக்கிறது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு அதை விட்டுவிட்டாயே! சத்துணவுக் கூடத்துக்குப் போ. பயறும் கடலையும் முதல்நாள் இரவே ஊறுகிறதா என்று பார். பாத்திரத்துக்கு மூடி இருக்கிறதா என்று பார். சமைக்கும் அக்காவிடம் மரியாதையோடு உட்கார்ந்து பேசு. அவருக்குத் தெரிந்த சிக்கனங்கள் உன் புத்தகத்தில் இருக்காது. உன் புத்தகத்தில் உள்ளது அவருக்குப் பயன்படும்.

ஆற்றைக் காத்தவர்கள் ஆசிரியர்கள்

சிறிய மனிதர்களால் பெரிய காரியம் ஆகுமா என்று இன்னும் சந்தேகமா? சைலண்ட் வேலியைக் கேள்.

பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்க 1970களில் திட்டம் வந்தது. கட்டினால் பழமையான மழைக்காடு நீரில் மூழ்கிவிடும். அரசு ஒரு பக்கம், மின்வாரியம் ஒரு பக்கம். எதிரே நின்றவர்கள் யார்? தாவரவியல் கற்பித்த எம்.கே. பிரசாத். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கவிஞர் சுகதகுமாரி. பரிஷத்தைச் சேர்ந்த பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். அவர்களிடம் படை இல்லை, பணம் இல்லை. படிப்பு இருந்தது, கணக்கு இருந்தது, அச்சமின்மை இருந்தது. ஊர் ஊராகப் பேசினார்கள், எழுதினார்கள். இந்த மின்சாரத்துக்கு வேறு வழி உண்டு என்று புள்ளிவிவரத்தோடு வாதாடினார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவானது.

அந்த 120 மெகாவாட்டை இன்று நீ வேறு விதமாகப் பார்க்கலாம். 60 வாட் குண்டு பல்பு எரிந்த இடத்தில் 9 வாட் எல்.இ.டி. போட்டால் 51 வாட் மிச்சம். 24 லட்சம் வீடுகளில் ஒரே நேரத்தில் எரியும் ஒரே ஒரு பல்பை அப்படி மாற்றினால் 120 மெகாவாட்டுக்கு மேல் வந்துவிடுகிறது. அணை வேண்டாம். காட்டை மூழ்கடிக்க வேண்டாம். ஒரு மரம்கூட விழ வேண்டாம். காசர்கோடு மாவட்டத்தின் பிலிக்கோடு ஊராட்சி குண்டு பல்பே இல்லாத ஊராட்சி என்று 2020இல் பெயர் வாங்கியது. கேரளத்தின் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் எல்.இ.டி. பல்பைத் தாங்களே பொருத்தவும், கெட்டுப்போனதைப் பிரித்துச் சரிசெய்யவும் கற்றுக்கொண்டார்கள். அவர்களும் உன் வயதுதான். உனக்குள்ள அதே இரண்டு கைதான்!

சாக்குகளைக் கொளுத்து!

“அரசாங்கக் காசுதானே போகிறது?” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலை உள்ளேயே விடாதே. அரசாங்கத்துக்கென்று தனியாக ஏது காசு? தீப்பெட்டி வாங்கும்போது உன் பாட்டி கொடுத்த வரியும் அதில் இருக்கிறது. கரண்ட் பில்லில் வீணாகும் ரூபாய், நூலகத்துக்கு வராமல்போன புத்தகம். கழிப்பறைக்கு வராமல்போன தண்ணீர்க் குழாய்.

“மிச்சப்படுத்தினால் எங்களுக்கு என்ன லாபம்?” என்று இன்னொரு குரல் வரும். அது நியாயமான கேள்வி. நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1994இல் அதற்கு வழி கண்டது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியில் மிச்சப்படுத்தும் பணத்தில் பாதி நகராட்சிக்கு, பாதி அந்தப் பள்ளிக்கே. ஃபிஃப்டி ஃபிஃப்டி என்று பெயரிட்ட அந்தத் திட்டம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. நம் மாநகராட்சிகளே, ஊராட்சிகளே, இதைச் செய்வதில் உங்களுக்கு என்ன தடை? பெற்றோர் ஆசிரியர் கழகமே, பள்ளி மேலாண்மைக் குழுவே, அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். உழைத்த பிள்ளைக்கு அதன் பலனில் பங்கு கொடுங்கள்.

“கூரையில் சோலார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்பது மூன்றாவது குரல். சோலார் வரட்டும், வரவேற்போம். ஆனால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறவர் கிணற்றைப் பெரிதாக வெட்டிப் பயனில்லை. முதலில் 520 வாட் அறையை 200 வாட் அறையாக்கு. பிறகு பேனல் போடு. பாதிக்கும் குறைவான பேனலே போதும் என்று கணக்கு சொல்லும்.

“நான் ஒருத்தன் செய்தால் ஆகுமா?” இது கடைசிக் குரல், கோழையின் குரல். வகுப்பில் ஒருவர் எழுந்து ஃபேனை அணைத்த அன்றைக்கு நாற்பது பேர் பார்க்கிறார்கள். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! இரண்டாவது வாரம் அவர்களே அணைப்பார்கள். முதல் ஆளாக எழுந்து நிற்கும் துணிச்சல் பாடத்திட்டத்தில் இல்லை. அதை இப்படித்தான் பழக வேண்டும்.

இன்றே தொடங்கு!

நாளைக்குக் காலை பள்ளிக்குப் போனதும் ஐந்து பேரைச் சேர். ஓர் ஆசிரியரிடம் போய் வழிகாட்டக் கேள். ஒரு நோட்டு வாங்கு. முதல் வாரம் எதையும் மாற்றாதே, மீட்டரை மட்டும் படி. இரண்டாம் வாரம் எந்த அறையில் எத்தனை லைட், எத்தனை ஃபேன், எத்தனை வாட் என்று பட்டியல் எடு. மூன்றாம் வாரம் வகுப்புக்கு ஒரு பொறுப்பாளர் வை. சாப்பாட்டு மணியிலும் கடைசி மணியிலும் ஸ்விட்ச் அவர் கையில். நான்காம் வாரம் பழைய ரீடிங்கையும் புதிய ரீடிங்கையும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படி. குறைந்திருந்தால் கைதட்டல் உனக்கு. குறையாவிட்டால் காரணத்தைத் தேடும் வேலையும் உனக்கு.

மாலையில் வீட்டுக்குப் போனதும் அதே வேலையைத் தொடர். ஆறு மணி முதல் பத்து மணி வரை மாநிலமே மின்சாரத்துக்குத் திணறும் நேரம். அந்த நேரத்தில் துணி தேய்க்க வேண்டாம், மோட்டார் போட வேண்டாம் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல். சொல்வதோடு நிற்காதே, மறுநாள் சட்டையை நீயே பகலில் தேய்த்து வை.

ஆசிரியப் பெருமக்களே! அறிவியல் பாடத்தின் ஆய்வுக்கூடம் மீட்டர் பெட்டியின் முன்னால் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். அவர்கள் கொண்டுவரும் கணக்கை மதித்துக் கேளுங்கள். தப்பிருந்தால் திருத்துங்கள், சரியாக இருந்தால் அன்றே நடவடிக்கை எடுங்கள். ஒரு பிள்ளை சொன்னதைக் கேட்டு ஒரு பள்ளி மாறியது என்ற அனுபவத்தைவிடப் பெரிய தன்னம்பிக்கைப் பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

தம்பி, தங்கையே! அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் எப்போதும் வாங்கிக்கொள்ளும் கை என்று ஊர் நினைக்கிறது. இலவசப் புத்தகம், இலவசச் சீருடை, இலவச உணவு என்று அடுக்குகிறது. அவையெல்லாம் உன் உரிமை, கூசாமல் பெற்றுக்கொள். ஆனால் இந்த நாட்டுக்கு நீ திருப்பிக் கொடுக்கவும் முடியும் என்பதை இந்த மாதமே மீட்டரில் காட்டு. டிசம்பர் 14 தேசிய ஆற்றல் சேமிப்பு நாள். அன்றைக்கு உன் பள்ளி மேடையில் பேச்சுப்போட்டி நடக்கும். மற்றவர்கள் மனப்பாடம் செய்த வசனத்தோடு வரட்டும். நீ உன் நோட்டோடு மேடை ஏறு. எத்தனை யூனிட் மிச்சப்படுத்தினோம் என்று அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்!